கொள்ளை நோயும் கூட்டுறவுக் கடையும்

(அலங்காநல்லூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கொள்ளை நோய் என்பது கிராமத்துக்குப் புதியதன்று. வாந்திபேதியும் பெரியம்மையும் பிளேக்கும் பாட்டன்மார் காலத்தில் ஊர்களைக் காலியாக்கின. பெரியம்மையோ உலகத்தினின்றும் ஒழிந்தது. 1980-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அதனைப் பிரகடனம் செய்தது. அதன் பின்னர், ஊரை அடைக்கும் வியாதி இனி வாராது என்று பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் 2020-ம் வருஷத்தில் பொய்த்தது. கொரோனா என்னும் நோய் மதுரை ஜில்லாவுக்கு எவ்வழியாக வந்தது, சர்க்கார் அதனை எவ்வாறு பின்தொடர்ந்தது, கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதில் என்ன பங்கு இருந்தது என்பவற்றை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம். நோய் தணிந்த காலத்தில் இவற்றை ஆராய்ந்தறியாதவர், அடுத்த நோய் வருங்கால் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

வியாதி வந்த வழி

தொத்து வியாதி தானாக நடப்பதில்லை. மனிதர் நடக்கும் பாதையிலேயே அதுவும் நடக்கிறது. 1918-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்புளுயென்சா, இருப்புப்பாதை சென்ற திசையெல்லாம் தானும் சென்றது. அவ்வருஷம் செப்டம்பருக்குப் பின் எழுந்த இரண்டாம் அலையே பெரு நாசத்தை விளைத்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். மனிதரைப் பற்றும் அந்நோயின் கிருமி 1933-ல்தான் பிரித்தறியப்பட்டது. ஆகவே 1918-ல் வைத்தியர்களும் சர்க்காரும் இருளில் கை நீட்டித் தடவியவர் போலவே இருந்தனர்.

கொரோனாவின் விஷயம் வேறு. 2019-ம் வருஷக் கடைசியில் சீன தேசத்து வூஹான் நகரில் அது தோன்றிய சில வாரங்களுக்குள் கிருமியின் அமைப்பு உலகுக்குத் தெரிந்துவிட்டது. 2020-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச்சு 7-ந் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி காணப்பட்டார். மார்ச்சு 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இதனை உலகளாவிய கொள்ளை நோயெனக் கூறிற்று. 24-ந் தேதி மாலையில் தமிழ்நாட்டில் 144-ம் பிரிவின்படித் தடையுத்தரவு அமுலுக்கு வந்தது. 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று.

அந்த 25-ந் தேதியன்று விடியற்காலையில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசினர் இராஜாஜி வைத்தியசாலையில் நிகழ்ந்தது. இறந்தவர் மதுரை வாசி. கடல் கடந்து சென்று வந்தவரல்லர். அதுகாறும் விமான நிலையத்தில் இறங்குவோரையே சுகாதார இலாகாவினர் முக்கியமாகக் கவனித்து வந்தனர். “அயல் நாட்டினின்று வந்தவர் யார்?” என்னும் கேள்வி மட்டும் போதாது என்பது அம்மரணத்தால் வெளியாயிற்று. “இவர் யார் யாரோடு உடனிருந்தார்? அவர்கள் இப்போது எங்கே இருக்கின்றனர்?” என்னும் கேள்விகள் அவசியமாயின.

சந்தையும் சாலையும்

அடுத்து நோய் பரவியது சந்தை வழியாக. சென்னைக் கோயம்பேடு சந்தைக்குத் தமிழ்நாட்டின் பல பாகங்களிலிருந்தும் காய்கறி லாரிகள் செல்வது வழக்கம். 2020-ம் வருஷம் ஏப்ரல் கடைசியில் அங்கே நோய் பற்றியது. மே 5-ந் தேதி சந்தை மூடப்பட்டது. ஆனால் அதற்குள் சுமை தூக்கியவர்களும் வண்டியோட்டியவர்களும் தத்தம் ஊர் திரும்பிவிட்டனர். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் நோயாளிகளின் தொகை திடீரென உயர்ந்தது. அச்சந்தையைச் சார்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கண்டனர்.

ஜூன் மாதத்தில் அதே காரியம் மதுரையில் நடந்தது. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த ஜில்லாக்களிலும் ஜூன் 19-ந் தேதி முதல் கடுமையான ஊரடங்கு வரும் என்று தெரிந்தவுடன் பலர் சொந்த ஊர்களை நோக்கிப் புறப்பட்டனர். மதுரையை அடுத்த பரவை காய்கறிச் சந்தையிலும் வியாபாரிகளிடையே நோய் காணப்பட்டது. ஜூன் 24-ந் தேதி முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் ஆகிய இவற்றில் முழு ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஜூன் 30 வரை என்று விதித்தது பின்னர் ஜூலை 5 வரையிலும், அதன்பின் 12 வரையிலும், இறுதியில் 14 வரையிலும் நீண்டது.

அலங்காநல்லூர் ஒன்றியம் அப்பட்டியலில் இல்லை. ஆனால் அலங்காநல்லூர்க் குடியானவர் காய்கறியும் தேங்காயும் மல்லிகையும் கொண்டு செல்வது எங்கே? மதுரைக்கே. வைத்தியத்துக்கும் உரத்துக்கும் துணிக்கும் செல்வது எங்கே? மதுரைக்கே. ஒன்றியத்தின் எல்லைக்கோடு தாலூகாக் கச்சேரிப் படத்தில் உள்ளது. நோய் அப்படத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆகையால் எல்லைக்கு வெளியே உள்ள கிராமத்தார் தங்களுக்கு ஆபத்தில்லை என்று கருதுவது பிசகு. எல்லையை அடுத்த கிராமமே அதிக விழிப்புடன் இருக்க வேண்டும்.

உடைப்பைத் தேடுவது போல

நோயைப் பின்தொடர்வது என்றால் என்ன? பெரியாறு கால்வாய்ப் பாசனம் செய்யும் குடியானவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வயலில் நீர் பெருகினால், நீர் வந்த வழியே எதிர்த்துச் சென்று எந்த வரப்பு உடைந்தது என்று பார்க்கின்றனர். பின்பு நீர் இனிச் செல்லும் வழியைப் பார்த்து அங்கே முன்கூட்டி மண் போடுகின்றனர். சுகாதார இலாகாவினர் செய்ததும் இதுவே. காய்ச்சல் உள்ளவரைக் கண்டுபிடித்தனர். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் சோதித்தனர். நோயென்று தெரிந்தவரை வேறாக வைத்தனர். அவருடன் பழகியவர்களைத் தேடி 14 நாள் வீட்டில் ஒதுங்கியிருக்கச் செய்தனர். விதைத்த அன்றே முளை தெரியாதது போல, கிருமி புகுந்த அன்றே நோய் தெரியாது. அதனாலேயே இந்த 14 நாள் கணக்கு.

மதுரையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. கிராம சுகாதாரச் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் வீடு வீடாகச் சென்றனர். நோய் கண்ட தெருக்கள் அடைக்கப்பட்டன. 2020-ம் வருஷச் சித்திரைத் திருவிழா நடைபெறவில்லை. மீனாட்சி திருக்கலியாணம் மே 4-ந் தேதி பக்தர்களின்றிக் கோயிலுக்குள்ளேயே நிகழ்ந்தது. அழகர் வைகையில் இறங்கவில்லை. மதுரைச் சீமையார் எத்துணைத் துயரத்துடன் அதற்கு உடன்பட்டனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறைப்பதன் காரணம்

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. காய்ச்சல் வந்தவன் வாய் திறந்து சொன்னால்தான் எல்லாம் நடக்கும். அவன் மறைத்தால், செவிலியர் கதவைத் தட்டிப் பயனில்லை. சோதனைச்சாலை இருந்தும் பயனில்லை.

அவன் ஏன் மறைக்கிறான்? அவன் துஷ்டன் என்பதாலன்று. நாட்கூலிக்குச் செல்லும் ஒருவனை எண்ணிப் பார்க்க வேண்டும். “எனக்குக் காய்ச்சல்” என்று அவன் சொன்ன மாத்திரத்தில் வாசலில் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. 14 நாள் அவனுக்கும் அவன் மனைவிக்கும் கூலி இல்லை. அயல் வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாற்காரர் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார். அரிசிப் பானையோ நான்கு நாளைக்கு மேல் தாங்காது. இந்நிலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்பவனைக் குற்றஞ் சொல்வது எளிது. அவன் வீட்டுக்கு அரிசி கொண்டு போய்க் கொடுப்பதே பயன் தருவது.

பலாத்காரத்தால் இதனைச் சாதிக்க முடியாது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றியதையொட்டி 1897-ல் தொத்து வியாதிச் சட்டம் பிறந்தது. பூனா நகரில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினர். அதன் பலன் யாது? ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். சர்க்காரின் மீது வெறுப்பும் வளர்ந்தது. 2020-ல் கொரோனாவுக்கும் அதே 1897-ம் வருஷச் சட்டம் பயன்படுத்தப்பட்டது. சட்டம் பழையதாயினும் பாடம் புதியதாக வேண்டும். சட்டம் தெருவை அடைக்கும். வாயைத் திறக்கச் செய்யாது. நோயைச் சொன்னவனுக்குச் சோறு தவறாது என்னும் உறுதியே வாயைத் திறக்கச் செய்யும்.

சங்கத்தின் கடை

இந்த இடத்திலேதான் கூட்டுறவின் கடமை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ரேஷன் கடைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. 1904-ம் வருஷத்தில் திரூர் கிராமத்தில் முதற் சங்கம் பதிவான காலத்தில், கடன் கொடுப்பதே சங்கத்தின் வேலையென எண்ணினர். ஊர் அடைபட்ட காலத்தில் அரிசி அளந்து கொடுப்பதும் அதன் வேலையாயிற்று.

2020-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் ரொக்கமும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இக்கடைகள் வாயிலாக வழங்கப்பட்டன. அட்டைதாரர் 2 கோடிக் குடும்பத்தினர். ஓர் ஆபத்து இதில் மறைந்திருந்தது. ஊர் முழுவதும் வருகின்ற ஒரே இடம் ரேஷன் கடை. அங்கே நெருக்கியடித்து நின்றால், பசியைத் தீர்க்கும் கடையே நோயைப் பரப்பும் இடமாகிவிடும். ஆகவே வீடு வீடாக டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து, தரையில் வட்டம் போட்டு இடைவெளியில் நிறுத்தினர். டோக்கனில் குறித்த வேளையில் வந்தவர் வெயிலில் நிற்காமல் திரும்பினார். குறித்த வேளையை மதியாதவர் வந்த இடத்தில்தான் கூட்டம் சேர்ந்தது. ஓர் ஒழுங்கு உயிரைக் காத்தது என்றால் அது மிகையன்று.

2021-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் எழுந்த இரண்டாம் அலை முதலாவதினும் கொடியது. மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு நோய் காணப்பட்டது. பிராணவாயுவுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்தனர். மதுரைக்கு அருகே தோப்பூரில் பிராணவாயு வசதியுள்ள 500 படுக்கைகள் அமைக்கப்பட்டன. மே 10-ந் தேதி முழு ஊரடங்கு தொடங்கிற்று; 24-ந் தேதி முதல் மளிகைக் கடைகளும் அடைக்கப்பட, காய்கறியும் பழமும் வண்டிகளில் தெருக்களுக்கே சென்றன. 2 கோடி 7 இலட்சம் குடும்பங்களுக்கு மே மாதத்தில் 2,000 ரூபாயும் ஜூனில் 2,000 ரூபாயும், 14 வகை மளிகைச் சாமான்களும் ரேஷன் கடைகள் மூலமாகவே வழங்கப்பட்டன. விற்பனையாளரும் எடையாளரும் அந்நாட்களில் தினந்தோறும் நூற்றுக்கணக்கான முகங்களுக்கு எதிரே நின்றனர். வைத்தியர்களையும் செவிலியர்களையும் ஊர் புகழ்ந்தது, அது நியாயமே. தராசின் பின் நின்றவர்களையும் ஊர் மறவாதிருக்க வேண்டும்.

கடன் விஷயத்திலும் இடர் நேர்ந்தது. கலியாணமும் கோயிலும் நின்றுவிட மல்லிகை விலை போகவில்லை. பறித்த பூவை நாளைக்கு வைத்து விற்க முடியாது. தவணை கட்ட வழியில்லாமற் போயிற்று. ரிசர்வ் பாங்கு 2020-ம் வருஷம் மார்ச்சில் மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அனுமதித்து, பின் ஆகஸ்டு கடைசி வரை நீட்டித்தது. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு என்பதைப் பலர் உணரவில்லை. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. 2021-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி கூட்டுறவு வங்கிகளில் 16 இலட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கொரோனாவுடன் புயல் மழையும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

கணக்கின் உண்மை

சங்கத்தின் உயிர் கணக்கில் உள்ளது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிவர். நோயின் விஷயத்திலும் அப்படியே. 2020-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி, முன்பு விட்டுப்போன 444 மரணங்களைத் தமிழ்நாடு சர்க்கார் கணக்கில் சேர்த்தது. தொகை கூடிவிட்டதே என்று சிலர் திகைத்தனர். பேரேட்டில் விட்டுப்போன இனத்தைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது குற்றமன்று. சேர்க்காமல் விடுவதே குற்றம். தமிழ்நாட்டில் கொரோனாவினால் இறந்தவர் 38,000-த்துக்கு மேற்பட்டவர் என்பது உத்தியோகத் தொகை. இந்தியா முழுவதிலும் 2021-ம் வருஷக் கடைசி வரையில் ஏறத்தாழ 4 இலட்சத்து 81 ஆயிரம் பேர் என்பது சர்க்கார் கணக்கு. 47 இலட்சம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட மதிப்பு. இந்திய சர்க்கார் அம்மதிப்பை ஒப்பவில்லை. பெரியோர் இதில் மாறுபட்டாலும், கிராமத்தார் செய்யக்கூடிய காரியம் ஒன்று தெளிவாக உள்ளது: ஊரில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் தாமதமின்றிப் பதிவு செய்வது. பதியப்படாத மரணம் நோயின் வழியை மறைக்கிறது. விட்டுச்சென்ற குடும்பத்தாருக்கு வரவேண்டிய உதவியையும் மறைக்கிறது.

வாடிவாசலும் ஊசியும்

2021-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நடந்தன. அன்று காலை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைத்தார். அன்றே மதுரை இராஜாஜி வைத்தியசாலையில் தமிழ்நாட்டின் கொரோனாத் தடுப்பூசி வேலையும் அவரால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் மரணம் நிகழ்ந்த வைத்தியசாலையிலேயே பத்தாவது மாதத்தில் தடுப்பூசியும் தொடங்கிற்று. 1918-ல் மாண்டோருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஆரம்பத்தில் ஊசிக்கு அஞ்சினவர் பலர். இரண்டாம் அலையின் பின் அச்சம் குறைந்தது. 2021-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி நடந்த பெருமுகாமில் 20 இலட்சம் பேருக்கு எனக் குறித்திருக்க, 28 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொண்டனர். 2022-ல் ஜனவரி 16 ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்காயிருந்தமையால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 17-ந் தேதி நடைபெற்றது. மாடுபிடி வீரரும் காளையின் சொந்தக்காரரும் இரு தவணை ஊசிக்கும் சோதனைக்கும் அத்தாட்சி காட்டவேண்டியிருந்தது. பார்வையாளர் தொகை 150-க்கு மேற்படலாகாது என்பது உத்தரவு. வாடிவாசலைச் சூழ்ந்து நிற்கும் ஜனத்திரளை அறிந்தவர்களுக்கு அது எத்தகைய தியாகம் என்பது விளங்கும். உலகளாவிய அவசர நிலை நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது 2023-ம் வருஷம் மே 5-ந் தேதி.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அடுத்த தொத்து வியாதி எப்பொழுது வரும் என்பதை எவரும் கூறவியலாது. ஆயினும் நோயில்லாத காலத்தில் ஒவ்வொரு சங்கமும் கீழ்க்கண்டவற்றைச் செய்துகொள்ளலாம்.

முதலாவது: அங்கத்தினர் ஜாபிதாவையும் குடும்ப அட்டைப் பதிவையும் திருத்தமாக வைத்தல். இறந்தவர் பெயர் நீங்கவும், பிறந்தவர் பெயர் சேரவும், வெளியூர் சென்றவர் விவரம் தெரியவும் வேண்டும். நோய் வந்தால் வீடு தேடிச் செல்வதற்கு இதுவே வழிகாட்டி.

இரண்டாவது: ஊரில் தனித்து வாழும் முதியோர், நாட்கூலியர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் ஆகியோரின் வீடுகளை அறிந்திருத்தல். இவ்வியாதிகள் உள்ளோரையே கொரோனா அதிகமாக வாட்டிற்று. 2021-ம் வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுப்பதற்கென ஏற்பட்டது.

மூன்றாவது: ஒதுங்கியிருக்கும் குடும்பத்துக்கு அரிசியும் பாலும் மருந்தும் வாசலில் கொண்டு வைப்பவர் யார் என்பதைத் தெருவாரியாக முன்னரே முடிவு செய்தல். சங்கத்தின் பொதுநல நிதியில் சட்டம் இடந்தரும் அளவு இதற்கென ஒதுக்குதல்.

நான்காவது: கடையில் டோக்கன் முறையையும் இடைவெளியையும் கூட்டமுள்ள மாதங்களிலேனும் பழகிவைத்தல். பழகாத ஒழுங்கு அவசர காலத்தில் கைகூடாது.

ஐந்தாவது: நோயுற்றவரை இழித்துப் பேசுவதில்லை என்று மகாசபையில் அங்கத்தினர் அனைவரும் உறுதி கூறுதல். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் இது இல்லாவிடில் மற்ற நான்கும் பயன்படா.

ஒருவன் கடனுக்கு மற்றவன் ஜாமீன் நிற்பது கூட்டுறவின் ஆதாரம். ஒருவன் காய்ச்சலுக்கும் மற்றவர் அவ்வாறே ஜாமீன் நிற்க வேண்டும். “உன் வீட்டு அடுப்பு அணையாது, காய்ச்சலை மறைக்காதே” என்று எந்த ஊர் தன் ஏழைக்குச் சொல்லமுடிகிறதோ, அந்த ஊரில் நோய் முதல் வீட்டிலேயே அகப்படும். சொல்லமுடியாத ஊரில் அது பத்தாவது வீட்டில் மரணமாக வெளிப்படும். இவ்விரண்டில் எது தங்கள் ஊராக இருக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்களே நோயற்ற இக்காலத்தில் கூடித் தீர்மானிக்க வேண்டும்.